வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அன்புள்ள கம்பளிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் இந்தத் தாளை எடுத்தேன். முதல் வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன். சுகம் என்று எழுதியது பொய் இல்லை, ஆனால் அதோடு நிறுத்தினால் பொய்யாகிவிடும். போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்று உனக்கே தெரியும், நான் பேச ஆரம்பித்ததும் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று என் முழங்கையை இடித்துக்கொண்டே இருப்பார், நீ சொல்வதும் காதில் விழாது, நான் சொல்ல நினைத்ததும் மறந்துபோகும். உனக்குக் கம்பளி என்று பேர் வைத்ததும் அவர்தானே. பச்சைப் போர்வையில் சுற்றிக் கையில் கொடுத்தபோது "என்னடி இது, கம்பளிப்பூச்சி மாதிரி நெளியுது" என்றார், இன்றைக்கு ஆபீஸ் போகிற பெண்ணுக்கும் அதே பேர்தான். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லார் வீட்டுத் தூசியும் தெரிகிறதாம், நம் அலமாரியின் மேல்தட்டில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று, இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன், சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள். "எப்பம்மா வர்றே, ஜன்னல் ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்கேன்" என்றாய். நாம் மூவரும் போனில் பேசி வைத்துக்கொண்ட பேச்சு எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. போன சாகுபடியில் அப்பா நம் முட்டைக்கோஸ் வலைக்குடிலுக்குள் விஷமருந்து அடித்துக்கொண்டிருந்தபோது டேங்க்கோடு விழுந்தார், வாயோரம் நுரை, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது, அதை நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது "இன்னொரு தடவை அடிச்சா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க, நான் ஒண்ணும் மந்திரவாதி இல்ல" என்று சிரிக்காமல் சொன்னதையும் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகுதான் நீ அந்த நிபந்தனையைப் போட்டாய். ஒரு சாகுபடி விஷம் இல்லாமல் எடுத்துக் காட்டுங்கள், குடில் உங்களுக்கே இருக்கட்டும். விஷம் மறுபடி உள்ளே போனால் குடிலை விற்றுவிட்டு இரண்டு பேரும் என்னிடம் வந்துவிடுங்கள் என்றாய். அப்பா சரி என்றார். புழுவை வேறு வழியில் நிறுத்துகிற பொறுப்பு என்னுடையது என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். சோதனைக்கூடத்தில் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறவள் வேறு என்ன சொல்லியிருப்பேன்.

என் வேலையை நீ உன் தோழிகளிடம் எப்படிச் சொல்கிறாயோ தெரியாது. செடிச்சாறும் பாக்டீரியாவும் புழுவை எப்படிக் கொல்கின்றன என்று பார்க்கிற இடத்தில், கொல்லப்படவேண்டிய புழுக்களை நோய்நொடி இல்லாமல் வளர்த்துக் கொடுப்பது. அப்பா அவற்றை "ராஜா வீட்டுப் புழு" என்பார். எனக்கு அந்த வளர்ப்பு அறை பிடிக்கும், உனக்குத் தெரியாது எவ்வளவு பிடிக்கும் என்று. சின்ன அறை, ஒரே சூடு, வெள்ளைச் சுவர், அடுக்கடுக்காக மூடி போட்ட டப்பாக்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெள்ளைத்தாள். காலையில் தாளைப் பார்த்தாலே போதும், கடுகைவிடச் சின்னதாகப் பச்சை எச்சம் நிறைய விழுந்திருந்தால் புழு நன்றாகச் சாப்பிடுகிறது, அன்றைக்கு நாள் நல்ல நாள். மத்தியானம் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே புத்தகம் படிப்பேன். பஸ்ஸில் போக ஒரு முக்கால் மணி நேரம், வர ஒரு முக்கால் மணி நேரம், அதிலும் புத்தகம். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்த பிறகு யாரும் என்னை எதுவும் கேட்காத இடம் என்று எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

முட்டைக்கோஸ் நட்டதிலிருந்து வேப்பங்கொட்டைச் சாறு அடித்துக்கொண்டிருந்தேன். கொட்டையை இடித்து ஊறவைத்து, துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வீடு முழுக்க அந்த வாடை, "டீ கூட கசக்குதுடி, நானும் இலையைக் கடிக்க மாட்டேன்னு நினைச்சியா" என்பார் அப்பா. அதனால் முட்டை வைக்க வந்த அந்துப்பூச்சி தயங்கியது, பிறந்த புழுவும் சரியாக வளரவில்லை. ஆனால் கோஸ் உருளத் தொடங்கிய நேரத்தில் வலையில் எங்கோ ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது, கவனிக்கவில்லை, ஒரே வாரத்தில் இலைகளுக்கு அடியில் பச்சைப்புழு மண்டிவிட்டது. தையலை அடைத்துவிட்டு, சாறு மட்டும் போதாது என்று எங்கள் சோதனைக்கூடத்தில் விற்கிற பாக்டீரியாப் பொடியை எல்லாரையும்போல வரிசையில் நின்று வாங்கி வந்தேன். அது தோலில் பட்டுக் கொல்லாது, இலையோடு சேர்த்துப் புழு தின்னவேண்டும், தின்றால் அதன் குடல் பழுதாகிவிடும். நமக்கு ஒன்றும் செய்யாது. வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம்தான் அடிக்கவேண்டும், அதுவும் இலையின் அடிப்பக்கம். பொடி தண்ணீரில் ஊறுகிறவரைக்கும் குடில் வாசலில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து புத்தகம் படித்தேன், பிறகு இருட்டுகிறவரை ஒரு செடி விடாமல் அடித்தேன். அப்பாவின் கை நடுக்கம் இன்னும் போகவில்லை, அவர் வலைக்கு வெளியே நின்று "அங்க விட்டுட்ட, அங்க விட்டுட்ட" என்று சொல்லிக்கொண்டிருந்தார். செடிகளுக்கு அடியில் ஆங்காங்கே வெள்ளைத்தாள் விரித்தேன். வந்து தலைக்குக் குளித்தேன், சேலையைத் தனியாகத் துவைத்துப் போட்டேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று பிறகு புரியும்.

இந்தப் பொடியில் ஒரு சங்கடம். தின்ற கொஞ்ச நேரத்திலேயே புழு சாப்பிடுவதை நிறுத்திவிடும், ஆனால் சாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை அது பாட்டுக்கு இலையில் உட்கார்ந்திருக்கும். விஷம் அடித்துப் பழகிய கண்ணுக்கு இது தாங்காது. அப்பா மூன்று நாள் பொறுப்பதாக என்னிடம் சொல்லித்தான் இருந்தார், மறுநாள் நான் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார், "எல்லாம் உக்காந்திருக்கு, ஒண்ணுவிடாம உக்காந்திருக்கு, மருந்து குடுத்தியா தூக்க மாத்திரை குடுத்தியா" என்றார். எதிர்ப்பக்கம் குடில் போட்டிருக்கிறாரே தகரம் மாமா, அவர் குரல்தான் உனக்குத் தெரியுமே, ரோட்டில் நின்றுகொண்டு "என்ன மாப்ள, தங்கச்சி புழுவுக்குத் தாலாட்டுப் பாடுதாமே, வா, என்கிட்ட அரை கேன் மிச்சம் இருக்கு" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டார். அந்த மருந்துக்குப் புழுக்கள் பழகி வெகுநாளாகிறது, இப்போது அதற்குப் பழகாதது மனுஷர்கள்தான், இதை நான் எத்தனை தடவை சொல்வது. அதற்கு அடுத்த நாள் எனக்கு விடுமுறை. மத்தியானம் இலை கழிக்கிற கத்தியோடு குடிலுக்குள் போய்த் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பாவும் பின்னாலேயே வந்தார். தாள்கள் சுத்தமாக இருந்தன. "பாருங்க, எச்சமே இல்ல, தின்னறதை நிறுத்திடுச்சு" என்றேன். "தாளைப் பார்த்து நான் என்ன பண்றது, புழு சாகலையே" என்றார். "நாளைக்கு வரைக்கும் பொறுங்க" என்றேன். "நீ பொறு, நீயும் உன் புழுவும் சேர்ந்து பொறுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார், போகிற போக்கில் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

அவர் வேண்டுமென்று போடவில்லை, நம் குடில் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான், வெளியே வருகிறவர் யாராக இருந்தாலும் உடனே போட்டுவிடவேண்டும், காற்றில் கதவு திறந்தால் அந்து உள்ளே வந்துவிடும் என்று உனக்கும் எனக்கும் சேர்த்து அவர்தான் பழக்கிவைத்தார். கோபத்தில் இருந்தாலும் கை தன் வேலையைச் செய்துவிட்டது. நான் கூப்பிட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை. என் போன் வீட்டில் அலமாரியில். வலை வழியாக ரோடு தெரிந்தது, என் பஸ் போனது, சைக்கிளில் ஒருவர் போனார், நான் கையை ஆட்டியது செடி ஆடியதாகத் தெரிந்திருக்கும். உள்ளே அப்படி ஒரு புழுக்கம். கையில் கத்தி இருந்தது, கம்பளி. ஒரு கீறு கீறினால் வெளியே வந்துவிடலாம். வலைமேல் கத்தியை வைத்தும் பார்த்தேன். ஆனால் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கிழித்தால் சாயங்காலத்துக்குள் ஊரில் உள்ள அந்துப்பூச்சி எல்லாம் உள்ளே இருக்கும், அடித்ததெல்லாம் வீண். கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டேன். எதிரே ஒரு இலையில் ஒரு புழு, தான் போட்ட ஓட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாதாரணமாகத் தொட்டால் துள்ளிப் பின்னால் போய் நூல்விட்டுத் தொங்கும் ஜாதி அது. தொட்டேன். தலையை மட்டும் கொஞ்சம் தூக்கியது, மறுபடி வைத்துக்கொண்டது. உயிர் இருக்கிறது, பசி இல்லை, போக எண்ணமும் இல்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குள் என்ன ஓடியது என்பதை எழுதப்போவதில்லை, நீ என் பெண், உனக்குத் தெரியும்.

வெயில் இறங்கியபோது அப்பா வந்தார். முதுகில் டேங்க், கழுத்தில் துண்டு, கையில் தகரம் மாமாவின் நீலக் கேன். தாழ்ப்பாளைத் திறக்கும்போது கை நடுங்கி அது கடகடவென்று ஆடியது. உள்ளே என்னைப் பார்த்ததும் பயந்துபோய்விட்டார். "ஐயோ, நானா போட்டேன்? கத்தக் கூடாதா?" என்றார். கத்தினேன் என்றேன். "கத்திதான் இருக்கே, வலையைக் கிழிச்சிட்டு வந்திருக்கலாம்ல" என்றார். "கிழிச்சா அந்து வந்துடுமேங்க" என்றேன். அவர் வலையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு "சரி, வெளிய வா, இருட்டறதுக்குள்ள அடிச்சுடறேன்" என்றார். இப்போது நான் சொல்வதை நன்றாகப் படி. நான் எழுந்து வெளியே போயிருந்தால் போதும். வாயைத் திறக்கவேண்டியதில்லை, சண்டை போடவேண்டியதில்லை. விஷம் உள்ளே போயிருக்கும், பேசி வைத்த பேச்சுப்படி குடிலை விற்றிருப்போம், நான் உன் ஜன்னல் அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கெட்டின்மேல் உட்கார்ந்தபடியே அந்த அறையை ஒரு தடவை முழுசாகப் பார்த்தேன், நீ வாங்கிப் போட்டதாகச் சொன்ன மஞ்சள் திரைச்சீலை உட்பட. ஆனால் விற்கிற நாளுக்கு முன்னால் அவர் அடிக்கிற நாள் ஒன்று இருக்கிறதே. அவர் காதுக்குப் பின்னால் வேர்வை இறங்கியது, டேங்க் வார் தோளில் அழுந்தியிருந்தது. "நான் வரலைங்க" என்றேன். "இது என்ன சின்னப்புள்ளையாட்டம்" என்றார். "போன தடவை வாசல்ல நின்னு பார்த்தது போதும், அடிக்கிறதுன்னா நான் உள்ள இருக்கும்போதே அடிங்க" என்றேன். அவர் திட்டினார், இரண்டு நடை நடந்தார், பிறகு டேங்க்கோடு அப்படியே வலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உள்பக்கம் அங்கேயே போய் உட்கார்ந்தேன். முதுகுக்கு முதுகு, நடுவில் வலை. வெகுநேரம் கழித்து "நாளைக்கும் உக்காந்திருந்தா?" என்று கேட்டார். "நானே டேங்க்கை உங்க முதுகுல ஏத்தி விடறேன்" என்றேன். சிரித்தாரோ இருமினாரோ தெரியவில்லை. எழுந்து போய்க் கேனைத் தகரம் மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் புழுக்கள் கறுத்துத் துவண்டு, நனைந்த நூல்துண்டுபோல இலையிலிருந்து தொங்கின, தட்டினால் உதிர்ந்தன. அப்பா ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு "செத்துப்போச்சுடி" என்றார், யாரோ வேண்டியவர் போய்விட்டதுபோல அப்படி ஒரு குரலில். அதே கையோடு ரோட்டைத் தாண்டிப் போய்த் தகரம் மாமாவை இழுத்து வந்தார். மாமா குனிந்து குனிந்து பார்த்துவிட்டு "தங்கச்சி, எனக்கு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாம்மா" என்றார், வாழ்நாளில் முதல் தடவையாகச் சின்னக் குரலில். அன்றைக்கு பஸ்ஸில் எனக்குப் புத்தகம் ஓடவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன், நான் செய்தது பலித்தது என்ற சந்தோஷம் அவ்வளவு இருந்தது. வளர்ப்பு அறையைத் திறந்து, வழக்கம்போல முதலில் தாள்களைத்தான் பார்த்தேன். மேல் இரண்டு அடுக்கிலும் தாள்கள் சுத்தமாக இருந்தன.

முந்தின நாள் நம் குடிலில் பார்த்து சந்தோஷப்பட்டேனே, அதே சுத்தம். டப்பாவைத் திறந்தேன், இளம் புழுக்கள் எல்லாம் இலைமேல் சும்மா உட்கார்ந்திருந்தன. தட்டு கழுவுகிற அக்கா எட்டிப் பார்த்து "என்னடி, உன் பசங்க விரதமா" என்று கேட்டார், என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். குளித்தேன், துணி மாற்றினேன், வளர்ப்பு அறைக்காரி பொடியைத் தொடக் கூடாது என்ற விதியை மீறியதற்கு அது போதும் என்று நினைத்தேன். புத்தகத்தை மறந்துவிட்டேன். பொடி ஊறுகிற நேரத்தில் குடில் வாசலில் படித்தேனே, அதே புத்தகத்தை மறுநாள் டப்பாக்களுக்கு நடுவில் விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், இலையையும் அதே கையால் மாற்றினேன். இரண்டு பக்கத்து ஓரத்தில் என் கட்டைவிரல் பழுப்பாகப் பதிந்திருந்தது. வேறு யார் செய்வார்கள் இந்தத் தப்பை. நானே போய் எங்கள் சோதனைக்கூடத்தை நடத்துகிற மேடத்திடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மத்த அடுக்கைத் தனியா வெச்சுக் காப்பாத்திடலாம். ஆனா பொடி உங்க வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் நீங்க இங்க உள்ள வரமுடியாதும்மா. நீங்க அடிக்காம அவரே அடிச்சாலும் அதே வீடு, அதே துணிக்கொடி, அதே தலையணை. ஒண்ணை விடணும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. யோசிக்கவும் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு டப்பாவையும் நாற்காலியில் கிடந்த என் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தட்டு அக்கா பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து, என் ஸ்வெட்டரை மடித்து மடித்துக் கொடுத்தார்.

இப்போது நான் வீட்டில்தான். அப்பாவுக்கு ஒரே பெருமை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க வீட்டம்மா கைமருந்து" என்கிறார், "இனிமே குடிலுக்குள்ள என்ன போகணும்னு நீதான் சொல்லணும், நீ இல்லாம ஒண்ணும் நடக்காது" என்று என்னிடம் சொன்னார். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார், நானும் சிரித்தேன். புது முட்டை பொரியப் பொரிய வாரம் தவறாமல் அடிக்கவேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அந்த இடைப்பட்ட நாட்களில் அவர் வலைக்கு வெளியே நடந்துகொண்டே இருக்கிறார், நான் தாளை எடுத்துக் காட்டினால்தான் உட்காருகிறார். நான் இல்லாத ஒரு வாரத்தில் அந்த நீலக் கேனுக்காக ரோட்டைத் தாண்டிப் போய்விடுவார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் உன் கேள்விக்குப் பதில், இப்போது வரமுடியாது கம்பளி. விஷம் உள்ளே போகவில்லை, பேச்சுப்படி குடில் நம்மிடமே இருக்கிறது, என் வேலையை நான் சரியாகச் செய்துவிட்டேன். எனக்கு வருத்தமா என்று கேட்டு எழுதாதே. அடுத்த மாசம் போன் பண்ணும்போது அப்பாவிடம் அவர் கையாலேயே தாள் விரிக்கச் சொல், நீ சொன்னால் கேட்பார், தானாகத் தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டாரானால் பிறகு பார்க்கலாம். இன்னொன்று. நேற்று அவர் சுத்தியலும் துளைபோடுகிற உளியுமாகக் குடில் கதவோடு வெகுநேரம் போராடிக்கொண்டிருந்தார், என்ன என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல, போ" என்றார். சாயங்காலம் போய்ப் பார்த்தால், தாழ்ப்பாளில் ஒரு கயிற்றைக் கட்டி, கதவில் துளை போட்டு உள்பக்கமாக விட்டிருக்கிறார், உள்ளே இருந்து இழுத்தால் திறந்துகொள்கிறது. நான் உள்ளே போய் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன், கதவு திறந்தது, வெளியே வந்து தாழ் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு ஆபீஸ் போகாதே, கோபம் வந்த நாளில் யாருக்கும் பதில் எழுதாதே. தலை நரைக்கும்வரை நீ நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போய்வருகிறவளாக இருக்கவேண்டும், அதுதான் அம்மாவும் அப்பாவும் உனக்குத் தருகிற ஆசி. மறந்துவிடாதே, ஜன்னல் அறையில் பெட்டி படுக்கை எதையும் போட்டு அடைக்காதே, வாடகைக்கும் யாரையும் வைக்காதே. அந்த மஞ்சள் திரைச்சீலை அப்படியே தொங்கட்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா